கணினிக் காவலரும் தொடர்கல்வியும்

கற்றது போதும் என்றிருப்பார்க்குக் கணினிக் காவற்றொழில் உரியதன்று. 1977இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற மறைகுறியாக்க முறையை 1998இல் அதற்கெனச் செய்த பொறியொன்று மூன்று நாளுக்குள் உடைத்தது. கடவுச்சொல்லைக் காலந்தோறும் மாற்றுக என்று போதித்த அந்நாட்டுத் தர நிறுவனமே 2017இல் அக்கட்டாயத்தைக் கைவிட்டது. நேற்றைய நல்லறிவு இன்று பிழையாகின்றது.

இதனையுணர்ந்தே, சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்னும் சான்றிதழ் பெற்றோர் மூன்றாண்டில் 120 புள்ளி அளவு தொடர்கல்வி காட்டல் வேண்டுமென விதித்துள்ளனர். விதி நன்றே. ஆயினும், உரைமண்டபத்தில் உறங்கியவனுக்கும் புள்ளி ஏறும் என்பதை நாம் மறத்தலாகாது.

அறிதல் வேறு; ஆற்றுதல் வேறு. 2017 மார்ச்சு மாதத்தில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அதனை உரிய காலத்தில் இடாத பிரித்தானிய வைத்தியசாலைகள் பல, மே மாதத்தில் வன்னாக்கிறை என்னும் பணம்பறிக்கும் நச்சுநிரலால் இடருற்றன, நோயாளர் திருப்பியனுப்பப்பட்டனர்.

ஆதலின், புள்ளியன்று, பயிற்சியே அளவுகோலாதல் வேண்டும். ஒத்திகை நடத்துதற்கும், நேர்ந்த தவறுகளை ஆராய்தற்கும் அலுவலக நேரத்திலேயே இடமளித்தல் நிறுவனங்களின் கடன் என்பது எமது துணிபு. இத்தொழில் புகுந்த எம் பழைய மாணவரும், புகவிருக்கும் இளைஞரும் சான்றிதழைச் சுவரில் மாட்டியதோடு அமையாதிருப்பாராக!