தொழிலும் பெருமையும்

தவறணை வாசலைக் கடக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கும் வழக்கமுடையோம் நாம். மதுச்சாலை நடத்துவோருக்கும் மகிழ்ச்சியும் பெருமையும் உண்டென்று யாரேனும் கூறின், நகைப்போம். ஆயினும், அந்நிய நாட்டில் அத்தொழிலை நடத்தித் தலைநிமிர்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்வாரம் கூற விழைகின்றோம்.

ஏடா சிமித் என்னும் கறுப்பினப் பெண்மணி 1894ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்திற் பிறந்தவர். அவருடைய செந்நிறக் கூந்தலைக் கண்டோர் செங்கல் நிறத் தலையினள் என்னும் பொருளில் 'பிரிக்டொப்' என அழைத்தனர். 1924ஆம் ஆண்டில், பாரிஸ் நகரின் மொன்மார்த்ர் பகுதியிலுள்ள இரவு விடுதியொன்றிற் பாட அழைக்கப்பட்டுக் கடல் கடந்தார். அங்கே அவர் கண்டது சில மேசைகளே கொண்ட சிற்றறை. ஏமாற்றத்தால் அழுதுவிட்டார். அடுக்களையில் வேலை செய்த ஓர் இளைஞர் உணவளித்து அவரைத் தேற்றினார். அவ்விளைஞரே பின்னாளிற் கவிஞராகப் புகழ்பெற்ற லாங்ஸ்டன் ஹியூஸ்.

அழுதவர் திரும்பிப் போகவில்லை. பாடினார், இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் விருந்தினருக்குச் சார்ள்ஸ்டன் நடனம் பயிற்றினார், சில ஆண்டுகளுள் தம் பெயராலேயே சொந்த விடுதி அமைத்தார். எழுத்தாளரும் கலைஞரும் பிரபுக்களும் அங்கே கூடினர்.

அக்காலத்தில், அமெரிக்கத் தென்மாநிலங்களிற் கறுப்பினத்தவர் புகையிரதத்தில் வெள்ளையருக்கு அருகே அமர்வதையும் சட்டம் தடுத்தது. பாரிசிலோ, வந்தவர்க்கு ஆசனம் காட்டி வரவேற்கும் இல்லத்தலைவியாக அவர் நின்றார். பணத்தினும் பெரிய செல்வம் அதுவன்றோ?

1939இல் போர் மூண்டபோது பாரிசை விட்டகன்றார். பின்னர் மெக்சிக்கோ நகரிலும், அதன்பின் றோமிலும் அதே பெயரில் விடுதி நடத்தி, 1961இல் ஓய்வுபெற்றார். 1984இல் நியூயோர்க்கிற் காலமானார்.

மதுவைப் போற்றுதல் எமது நோக்கமன்று. அது கெடுத்த குடும்பங்களை நாம் அறிவோம். எனினும், அதே பாரிசின் லா சப்பல் பகுதியில் இன்று எம்மவர் பலர் கடை நடத்துகின்றனர். கோப்பை கழுவி வாழ்வைத் தொடங்கியோரும் அவருள் உளர். ஊரிலிருக்கும் நாம் 'என்ன உத்தியோகம்?' என்று கேட்டு, விடையைக் கொண்டே ஆளை எடைபோடுகின்றோம். வந்தவரை மதித்து, தம் மதிப்பையும் இழவாது உழைப்பவர் எத்தொழிலினராயினும் உயர்ந்தோரே. மாணவர்களே, தொழிலின் பெயரைக் கேட்குமுன், அதைச் செய்பவர் எவ்வாறு நிற்கின்றார் என்று பாருங்கள்.