வருஷம் ஒரு படம்!

குடும்பத்தோடு போட்டோ பிடித்துக்கொள்வது முன்பு ஒரு வைபவம். ஸ்டூடியோவில் தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில் அமர, மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். இன்று செல்போனில் ஆயிரக்கணக்கான படங்கள் குவிகின்றன. ஆனால் வீட்டார் அனைவரும் சேர்ந்திருக்கும் படம் எத்தனை? எடுப்பவர் அதில் இருக்கமாட்டாரே!

புதுமை வேண்டுமென்று சிலர் ஒரே நிறத்தில் உடை வாங்குகிறார்கள்; மலைக்கும் கடற்கரைக்கும் போகிறார்கள். தவறில்லை. ஆனால் புதுமை உடையில்தான் இருக்கிறதா?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நிக்கோலஸ் நிக்ஸன், 1975-ல் தம் மனைவியையும் மைத்துனிகள் மூவரையும் நிறுத்திப் படமெடுத்தார். பிறகு வருஷந்தோறும் அதே நால்வர், அதே வரிசை. 2014-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிச்சாலை அந்த நாற்பது படங்களையும் காட்சிக்கு வைத்தது. ஜோடனை ஏதுமில்லை. ஆயினும் வரிசையாகப் பார்த்தால், முகங்களில் காலம் நடந்துபோவது தெரிகிறது!

நாமும் இப்படிச் செய்யலாம். பொங்கலன்று காலை வெயில் ஏறுமுன், வீட்டு வாசலில், அவரவருக்கு ஒரே இடம். கேமராவை முக்காலியில் வைத்து டைமரைப் போட்டால், எடுப்பவரும் ஓடிவந்து நின்றுகொள்ளலாம். படத்தை அச்சிட்டு, பின்புறம் தேதியும் பெயர்களும் எழுதிவைப்பது அவசியம். செல்போன் பழுதானால் படமும் போய்விடக்கூடும்.

பாட்டி கண்மூடிய பிறகு, மாலை போடுவதற்கு ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கும் வீடுகள் உண்டு. அந்த நிலை எதற்கு? அவர் இருக்கும்போதே நடுவில் உட்காரவையுங்கள்.