கனவில் வராத கத்தி

கொல்லையில் சில கோழிகள், ஆடுகள், குடும்பத்துக்குப் போதுமான நிலம். நகரவாசிகளாகிய நாம் காணும் இக்கனவில் கத்தி மட்டும் வருவதேயில்லை. அமெரிக்க எழுத்தாளர் இ.பி. வைட் 1938இல் நியூயார்க்கை விட்டு மெய்ன் மாநிலத்துப் பண்ணையில் குடியேறினார். வசந்தத்தில் பன்றிக்குட்டி வாங்கி, தீனியிட்டு வளர்த்து, கடுங்குளிரில் அறுப்பது அங்கே வழக்கம். ஒருமுறை பன்றி நோயில் விழ, விளக்கெண்ணெய் புகட்டி இரவுபகலாகக் காத்தார், பிழைக்கவில்லை. கொல்வதற்கென்று வளர்த்ததன் சாவுக்குத் துக்கித்த முரணை மறைக்காமல் 1948இல் கட்டுரையாக்கினார். 1952இல் வந்த 'சார்லட்டின் வலை' நாவலில் பன்றி பிழைத்துவிடுகிறது. நாம் குழந்தைகளுக்கு வாசித்துக்காட்டுவது நாவலை. பண்ணைக்கு இடம் தேடுவோர் வாசிக்கவேண்டியது கட்டுரையை. முட்டை மட்டும் போதுமென்போரும் தப்பமுடியாது. பொரியும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல்கள். அவற்றை என்ன செய்வதாக உத்தேசம்?