பிழைகாட்டும் கண்ணைப் பொத்துவதோ?

நிரல் எழுதுவோரிடையே இன்று ஒரு பேதைமை பெருமையாக உலவுகின்றது. “உலகமே ஆய்ந்து ஏற்றுக்கொண்ட தரவுத்தள நூலகத்தை நாம் ஏன் ஐயுறல் வேண்டும்? அதன் பிழைகாண் தெரிவுகளைத் திறந்தால் விரைவு கெடும், மூடியே வைப்போம்” என்பதே அப் பேதைமை. தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டு, வழி நேராக உள்ளதென்று கூவுவானுக்கும் இவர்க்கும் என்ன வேறுபாடு?

எசுக்கியூலைட்டு என்னும் நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய இரிச்சர்டு இப்பு என்பார் வெளிக்கொணர்ந்த அந் நூலகம், இன்று கைப்பேசிதோறும் குடிகொண்டுள்ளது. எவரும் காசின்றி எடுத்தாளும் பொதுவுடைமை அது. வேறொரு பொறியில் தனியே அமர்ந்து ஏவல் கேட்கும் தரவுத்தளம் அன்று. நம் நிரலுக்குள்ளேயே உடன்சேர்ந்து, நம் நிரலின் நினைவகத்திலேயே வாழ்வது. இதனை உணராமையே மேற்சொன்ன பேதைமைக்கு வேர். ஒரு கூரையின்கீழ் இரு குடும்பம் வாழுங்கால், ஒருவர் அடுப்புத்தீ இருவர்க்கும் கேடு. நம் நிரலில் வழிதவறிய சுட்டியொன்று நூலகத்தின் நினைவிடத்தில் எழுதிவிடின், நூலகம் எத்துணைத் தூயதாயினும், கெட்ட தரவே கோப்பில் சென்று படியும். அழிவன நம்மை நம்பியவர்தம் கணக்கும் கடிதமுமே!

நூலகத்தை ஆக்கியோர் இதனை அறியாதவர் அல்லர். அதனுள் 6,000க்கு மேற்பட்ட உறுதிக்கூற்றுகளை நட்டு வைத்துள்ளனர். “இவ்விடத்தில் இஃது இவ்வாறே இருத்தல் வேண்டும்; இல்லையேல் நில்!” என்பதே ஒவ்வொரு கூற்றின் பொருளும். சி மொழியின் பொதுவழக்கில் உறுதிக்கூற்றுகள் தாமே விழித்திருக்கும். உறங்கவைக்கவே கட்டளை வேண்டும். இந் நூலகத்திலோ தலைகீழ். தொகுக்கும்போதே ‘எசுக்கியூலைட்டு டீபக்கு’ என்னும் தெரிவைக் கொடுத்தாலன்றி அவை வாய் திறவா. எழுப்பாது விட்டவன், “நூலகம் ஒன்றும் சொல்லவில்லையே” என்று பிதற்றுவது என்ன நயன்மை? அதன் வாயைக் கட்டியவன் யார்?

‘எசுக்கியூலைட்டு மெம்டீபக்கு’ என்பது மற்றொரு தெரிவு. அது நூலகம் ஒதுக்கும் ஒவ்வொரு நினைவிடத்தின் இருமருங்கும் எல்லைக்கல் நடும். விடுவிக்குங்கால் கல் பெயர்ந்துள்ளதா என்று பார்க்கும். விடுவித்த இடத்தைப் பொருளற்ற குப்பையால் நிரப்பும். குப்பை எதற்கு? பழைய தரவு அழியாது கிடப்பின், விடுவித்த இடத்தைப் படிக்கும் பிழைநிரலும் தற்செயலாய்ச் சரியான விடையே தரும். நம் மேசையில் சிரித்துவிட்டுப் பயனர் கையில் கவிழும். குப்பை நிரப்பினாலோ அன்றே குட்டு வெளிப்படும்! இனி, ‘ஏபிஐ ஆர்மர்’ என்னும் கவசத் தெரிவு, வெற்றுச் சுட்டியைத் தந்து செயற்கூறுகளை அழைப்போரைத் தடுத்து, முறைகேட்டைக் குறிக்கும் 21 என்னும் எண்ணைத் திருப்பும்.

“விரைவு கெடுமே!” என்பர். கெடும், மறுக்கவில்லை. உறுதிக்கூற்றுகள் விழித்திருக்குங்கால் நூலகம் ஏறத்தாழ மும்மடங்கு மெதுவாகவே ஓடும். எங்கே? நம் பட்டறையில்! தெரிவை நீக்கி மீண்டும் தொகுத்தால், அவ்வாய்வுகளின் சுவடும் வெளியீட்டில் இராது. பட்டறையில் ஒரு நொடி மூன்று நொடியாவதற்கு அஞ்சுவோர், பயனரின் பத்தாண்டுத் தரவு பாழாவதற்கு அஞ்சாதது என்ன அறம்?

“இயங்குதளத்தோடு வந்த நூலகத்தில் இத் தெரிவுகள் இல்லையே” என்பது அடுத்த சாக்கு. முழு நூலகமும் ஒரே சி கோப்பாகக் கிடைக்கின்றது. தொகுப்பிக்கு இடும் கட்டளையில் ஓரிரு சொல் கூட்டினால் வேலை முடிந்தது. இதற்கும் கை நோகுமோ?

“அவ்வளவு நன்றெனின் பயனர்க்கும் அப்படியே கொடுப்போம்” என்பார் மறுகோடியினர். அதுவும் பிழையே. உறுதிக்கூற்று பொய்த்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். பயனர் வேலை நடுவில் அறும். பட்டறை வேறு, கடைத்தெரு வேறு. பிழைகாண் அமைப்பில் ஆய்க; பின் வெளியிடும் அமைப்பிலும் அதே ஆய்வுகளை ஓட்டுக. நூலகத்தாரும் தாம் கொடுப்பதையே இறுதியில் ஆய்ந்து பார்க்கின்றனர்.

முப்பதாண்டுகள் மாணவர் ஏடு திருத்தியவன் என்னும் உரிமையில் ஒன்று சொல்வேன். சிவப்பு மை படாத ஏடெல்லாம் பிழையற்ற ஏடு அன்று. திருத்தப்படாத ஏடாகவும் இருக்கலாம். நிரல் யாக்கும் இளைஞரே! நும் நிரல் வாய்மூடி ஓடுவதே அதன் தூய்மைக்குச் சான்றாகாது. பிழை காட்டுவோனைப் பகைவன் என்று துரத்தாதீர். பட்டறையில் அவனுக்கு முதலிருக்கை தருக. ஊரார் தரவை நம்பிக்கையோடு நும் கையில் ஒப்படைத்துள்ளனர். அந் நம்பிக்கையைக் காத்தபின் விரைவைப் பேசுக!