மாடி மேல் மாடி! ஏணி எங்கே?

தியாகராயநகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளி சீசனில் யாரும் நடப்பதில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு போகும். ரெயிலடியில் உள்ளே நுழைந்தால் உஸ்மான் ரோட்டில் வெளியே வந்து விழ வேண்டியதுதான்.

அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு முழம்தான் தெரியும். இரண்டு பக்கமும் மாடி மேல் மாடி!

"கடை உயர்ந்தால் ஊர் வளருது. இதிலே என்னய்யா தப்பு?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

உயரம் தப்பில்லை. அண்ணாசாலையில் எல்.ஐ.சி. கட்டிடம் 1959-லேயே 14 மாடியோடு எழுந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது. ஆனால் அது நிற்பது அகலமான சாலையில். அப்படியிருந்தும் 1975-ல் தீப்பிடித்தது. சந்தில் நிற்கிற மாடிக்கு என்ன கதி?

கட்டிடம் எவ்வளவு உயரலாம் என்பது வானத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு அல்ல. கீழே கிடக்கிற தெருவைப் பார்த்துப் போட்டது. தெரு எத்தனை அகலம், சுற்றிலும் எவ்வளவு காலி இடம், தீயணைப்பு வண்டி திரும்புமா, ஏணி நிமிருமா, மேலே இருக்கிறவர்கள் இறங்க இன்னொரு படிக்கட்டு உண்டா... இவ்வளவும் அதில் அடக்கம். 2019 விதிப்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டிடம். அதற்குத் தனி நிபந்தனைகள்.

விதி தெளிவாகத்தான் இருக்கு. கட்டுகிறவர்கள்தான் படிப்பதில்லை!

பணம் கட்டினால் சரி

படிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. 1971 நகரமைப்புச் சட்டத்தில் 1998-ல் 113-ஏ என்று ஒரு பிரிவு நுழைந்தது. மீறிக் கட்டினாயா? பணத்தைக் கட்டு, போ! ஒரு தடவை சலுகை பிறகு நீண்டுகொண்டே போனது. 2006-ல் ஐகோர்ட்டு நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2007-ல் அவசரச் சட்டம் வந்து இடிப்பைத் தள்ளிப் போட்டது. அப்புறம் 113-சி. அதில் 2007 ஜூலை 1-ந் தேதி வரை கட்டி முடித்தவைக்கு இன்னொரு கதவு.

ஒழுங்காக பிளான்படி நிறுத்தினவன் ஏமாளி ஆனான்.

2011 அக்டோபர் 31-ந் தேதி அதிகாரிகள் திடீரென்று வந்து கடை கடையாக சீல் வைத்தார்கள். பெரிய பரபரப்பு! தீபாவளி வியாபாரம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பொங்கலுக்கு முன் சுப்ரீம் கோர்ட்டு தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. இரண்டு பண்டிகை வியாபாரத்துக்கும் குறையில்லை.

விடிகாலை தீ

2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருக் கடை ஒன்றில் தீ. ஊழியர்கள் இரண்டு பேர் செத்தார்கள்.

2017 மே 31-ந் தேதி விடிகாலை உஸ்மான் ரோடு ஜவுளிக்கடையில் தீ. மறுநாளும் அணையவில்லை. மாடிகள் சரிந்தன. மிச்சத்தையும் இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. அனுமதிக்கு மேல் மாடிகள் கட்டப்பட்டிருந்ததாக அதிகாரிகளே சொன்னார்கள். எப்போது சொன்னார்கள்? எரிந்த பிறகு!

விடிகாலை என்பதால் கடையில் ஜனம் இல்லை. அதே தீ சாயங்காலம் ஏழு மணிக்கு என்றால்? கைக்குழந்தையோடு நாலாவது மாடியில் சேலை பார்க்கிறவள் எந்தப் படியில் இறங்குவாள்? தென் மாவட்டத்திலிருந்து வந்து நாள் முழுக்க நின்று துணி மடிக்கிற பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்?

அபராதம் எவ்வளவு வசூல் என்று பிறகு கணக்குப் பார்க்கலாம். முதலில் சி.எம்.டி.ஏ. ஒரு காரியம் செய்யட்டும். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு போர்டு: அனுமதி எத்தனை மாடி, கட்டியது எத்தனை மாடி. தள்ளுபடி விளம்பரத்துக்குப் போடுகிற எழுத்தில் பாதி அளவு இருந்தால் போதும்.