பூத்துக்கு 17சி, பிட்காயினுக்கு நோடு!

தோழர்களே,

பாளையங்கோட்டையிலோ அம்பையிலோ பூத் ஏஜென்ட்டா உட்கார்ந்தவங்களுக்குத் தெரியும். வாக்குப்பதிவு முடிஞ்சதும் 17சி படிவ நகலை வாங்காம நாம வெளியே வர்றதில்ல. எண்ணிக்கை அன்னைக்கு மெஷின் காட்டுற மொத்தத்தை அதோட ஒப்பிட்டுப் பார்ப்போம். அதிகாரி மேல சந்தேகம்னு இல்ல. ஒரே கணக்கு பல பேர் கையில இருந்தா, அதை யாரும் சத்தமில்லாம மாத்த முடியாது.

பிட்காயினும் இதே யோசனைதான். ஒரு கம்ப்யூட்டரும் 1 டெராபைட் டிஸ்க்கும் இருந்தா, 2009 ஜனவரி 3-ல் உருவான முதல் பிளாக்கிலிருந்து மொத்தக் கணக்கையும் நாமே சரிபார்க்கலாம். அதுதான் நோடு.

ஆனா நெல்லையில நம்ம பசங்க பலர் பார்க்கிறது ஆப் காட்டுற பேலன்ஸை மட்டும்தான். காயின் கம்பெனி கையில. நம்ம பேர் அவங்க நோட்டுல. 17சி வாங்காம டிவியில ஓடுற ரிசல்ட்டை நம்புற கதைதான் இது.

2024 ஜூலை 18-ல் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போச்சு. திரையில காட்டினது வேற, கையெழுத்தான பரிவர்த்தனை வேற. இது அந்த நிறுவனமே சொன்ன விளக்கம்!

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்துதான்னு சொல்லிடுச்சு. வில்லங்கம் பார்க்காம நாம சொத்து வாங்குவோமா?

யாராவது காயின் வாங்கச் சொன்னா ஒரே கேள்வி கேளுங்க: “உங்க ஆப் இல்லாம இந்தக் கணக்கை நான் எப்படிச் சரிபார்க்கிறது?”

பதில் வரலையா? நடையைக் கட்டுங்க.

பகிருங்கள் தோழர்களே!

- தகவல் தொழில்நுட்ப அணி, நெல்லை