அம்மாச்சிக்குப் பின்னால் இருந்த வீடு

ஆனி மாத மாங்கனித் திருவிழாவில், காரைக்கால் வீதிகளில் பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறக்கும். கீழே நிற்பவர்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். சிலருக்கு மண்டையில் விழும். வலியோடு சிரிப்பார்கள். அன்று ராத்திரி இன்ஸ்டாகிராமைத் திறந்தால் வேறொரு திருவிழா தெரியும். ஒரு கை, அதில் மஞ்சளாக ஜொலிக்கும் ஒரே ஒரு மாம்பழம். பழத்தைப் பிடித்திருக்கும் பெண் கறுப்பு வெள்ளை. அவளுக்குப் பின்னால் சப்பரம், கூட்டம், மாடி எல்லாம் கரைந்து பாலாடையாகக் கிடக்கும்.

பார்க்க அழகுதான். அந்த அழகுமேல்தான் எனக்குக் கோபம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் அதே திருவிழா நாளில், காரைக்காலில் எங்கள் அம்மாச்சியைத் திண்ணையில் உட்காரவைத்துப் படமெடுத்தேன். மடியில் ஒரு கூடை மாம்பழம். புது போன், போர்ட்ரெய்ட் மோடு. போதாததற்கு ஓர் ஆப்பில் போட்டு மாம்பழத்துக்கு மட்டும் நிறம் விட்டுவைத்தேன். நூறு லைக். அம்மாச்சிக்குப் பின்னால் இருந்த கதவு நிலையில், அம்மாவும் மாமாக்களும் வருஷா வருஷம் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று கரியால் போட்ட கோடுகள் இருந்தன. இப்போது அம்மாச்சி இல்லை. ஓட்டு வீடும் இல்லை, இடித்தாகிவிட்டது. அந்த போனும் செத்துப்போனது. மிஞ்சியது வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த ஒரு படம். அதில் நிலை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம்.

இந்த மூட்டம் எப்படி உண்டாகிறது என்பது என் தொழிலுக்குப் பக்கத்து விஷயம். பெரிய லென்ஸ் போட்ட கேமராவில் ஒளி வளைகிற விதத்திலேயே மங்கல் வரும். போனின் குட்டி லென்ஸால் அது முடியாது. 2016இல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களின் கோண வித்தியாசத்தை வைத்து தூரத்தைக் கணக்கிட்டது. 2017இல் கூகுள் பிக்சல் 2 ஒரே லென்ஸோடு, எது மனிதர் எது இல்லை என்று பிரிக்கப் பயிற்றுவித்த நிரலைச் சேர்த்துக்கொண்டது. அதாவது கேமரா எல்லாவற்றையும் கூர்மையாகத்தான் பார்க்கிறது. பார்த்த பிறகு, "இது ஆள், இது குப்பை" என்று தீர்ப்பெழுதி, குப்பையை அழிக்கிறது. என் அம்மாச்சியின் தலையில் இருந்த பூச்சரத்தில் பாதி ஆள், பாதி குப்பை.

"அந்தக் காலத்து ஸ்டூடியோவிலும் திரைதானே கட்டினார்கள்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கட்டினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எண்ணிமமாக்கிய பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைப் போன்றவற்றைப் பாருங்கள். தூண், மாடிப்படி, தோட்டம் என்று தீட்டிய திரைகள். அவை பொய்தான். ஆனால் உட்கார்ந்தவர் ஆசைப்பட்ட பொய். அந்தக் காலத்தில் கையால் வண்ணம் தீட்டியதும், இல்லாத நிறத்தைக் கொடுக்கத்தான். நாம் செய்வது, இருக்கிற நிறத்தைப் பிடுங்குவது.

அடுத்து 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'டை இழுப்பார்கள். 1993இல் ஸ்பீல்பெர்க் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு சிறுமியின் கோட்டை மட்டும் சிவப்பாக்கினார். கூட்டத்தில் நாம் கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய குழந்தை அவள். பின்னால் அதே சிவப்பு பிணமாக வரும்போது நம்மால் தப்பிக்க முடியாது. கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் சிவப்புப் புடவையை விட்டுவைப்பவர், எல்லோரும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பதையே மறுபடி சுட்டிக்காட்டுகிறார். அவர் கண் சுற்றிநிற்கும் சித்திமார் பக்கம் போவதே இல்லை.

இத்தனைக்கும் இது காரைக்கால் அம்மையாரின் ஊர். புனிதவதி தன் அழகை வேண்டாமென்று உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கியவர் என்பது ஊருக்கே தெரிந்த கதை. நம் சிற்பிகள் அவரை விலா எலும்பு எண்ணும்படி செய்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் நடராசருக்குக் கீழே, ஓரத்தில், தாளத்தோடு சின்னதாக உட்கார்ந்திருக்கிறார். பதினோராம் நூற்றாண்டுச் சிற்பி அந்த ஓரத்தையும் அதே உளியால் கூர்மையாகச் செதுக்கினார். நம் மோடில் எடுத்தால் அம்மையார்தான் முதலில் மங்குவார்.

சில மங்கல்கள் நியாயமானவை. அனுமதி கேட்காத ஒருவரின் முகம் பின்னால் விழுந்தால் கட்டாயம் மறையுங்கள். அது ஒரு முடிவு. நான் எதிர்ப்பது முடிவெடுக்காமல் பழக்கத்தில் அழிப்பதை. கிளிஞ்சல்மேட்டு மீனவரை எடுக்கிறோம், பின்னால் படகும் வலையும் கரைந்துபோகிறது. மிஞ்சுவது ஒரு 'சுருக்கம் விழுந்த முகம்'. அந்த முகம் எங்கேயும் இருக்கலாம். அவர் இருந்தது கிளிஞ்சல்மேட்டில்.

போன மாதம் அந்தப் படத்தை ஏஐ செயலி ஒன்றில் போட்டு, மூட்டத்தைத் தெளிவாக்கச் சொன்னேன். நொடியில் ஆக்கியது. அம்மாச்சிக்குப் பின்னால் பளபளப்பான தேக்குத் தூண், பித்தளைக் குமிழ் வைத்த கதவு. அம்மாவிடம் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அம்மா நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு வீடுப்பா?"